ஈரக் காற்றும் தலையெழுத்தும்

குறை மாதத்தில் பிறந்த பிள்ளை இறந்து போனால் அதற்கு நம் மக்கள் தயாராக வைத்திருக்கும் சமாதானங்கள் யாவும் மூளைக்குச் சிறிதும் வேலை வைக்காதவைகளேயாகும். "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "கொடுத்தவனே எடுத்துக் கொண்டான்" என்பார் மற்றொருவர். "பூர்வ ஜென்மத்துக் கடன், வாங்க வந்தது, வாங்கிக் கொண்டு போய்விட்டது" என்று ஜோசியர் சொல்லி, அதற்கும் ஒரு தட்சிணை வாங்கிக் கொண்டு போவார். பிழைத்து விட்டாலோ, இரவு பகலாய்க் கண் விழித்த நர்சுக்கு ஒரு கும்பிடு கூடக் கிடையாது. குலதெய்வத்துக்கு மொட்டையும் கிடா வெட்டும் நடக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, "ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்று ஒரு சாஸ்திரம் வேறு நம் கிழவிகளிடத்தில் இருந்து வருகின்றது. இது நம் ரிஷிகள் ஞான திருஷ்டியால் கண்ட உண்மை என்று மார்தட்டிக் கொள்வதற்கும் வழியில்லை. ஏனெனில் 2,000 வருஷங்களுக்கு முன்பே கிரீஸ் தேசத்தில், ஹிப்போக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களிலும் இதே கதைதான் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே முட்டாள்தனத்துக்கு ஜாதியுமில்லை, தேசமுமில்லை என்பது மாத்திரம் இதிலிருந்து தெரிகின்றது. எந்த ஆஸ்பத்திரியின் கணக்குப் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தாலும், தாயின் வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாய் இருந்த பிள்ளை அந்த அளவுக்குக் கூடுதலாகவே பிழைத்திருக்கிறது. எட்டாம் மாதத்துப் பிள்ளை ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிட அதிகமாகத்தான் பிழைக்கிறது. அப்படியிருந்தும் எட்டாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தையைப் பார்த்து, "இது எங்கே தங்கப் போகிறது" என்று கைவிட்டவர்கள் எத்தனை பேரோ யார் கண்டார்கள்?

நிற்க, நாம் இன்று எழுத வந்தது ஏழாம் மாதம் எட்டாம் மாதத்துப் பிள்ளைகளைப் பற்றியல்ல. 28 வாரம் கூட நிறையாமல், 600 கிராம் 700 கிராம் எடையில், உள்ளங்கை இரண்டில் அடங்கும்படியாகப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியும், அவைகளைப் படுக்க வைக்கும் இன்குபேட்டர் என்னும் பெட்டிக்குள் இருக்கும் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியுமே யாகும். "காற்றில் ஈரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இது ஒரு பெரிய சங்கதியா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இந்தச் சின்னச் சங்கதிக்குள் மனிதனுடைய அறிவும் அறியாமையும் எப்படி எப்படி நடந்து கொண்டிருக்கின்றன என்பதைப் பார்ப்போமானால், தலையெழுத்துக்காரர்களை மாத்திரமல்லாமல், படித்த பெரிய மனிதர்களையும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருப்பது விளங்கும்.

முதலாவது, ஈரத்திற்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். நம் வீட்டு மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் பக்கங்களில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வந்து, காற்றில் ஆவியாகப் போகிறது. போகிற ஆவி சும்மா போவதில்லை. பானையின் சூட்டையும் தன்னோடு எடுத்துக் கொண்டு போகிறது. சித்திரை வைகாசி மாதத்து வறட்டுக் காற்றில் பானை நன்றாய்க் குளிரும். ஐப்பசி கார்த்திகை மழையில், காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால், பானை அவ்வளவாகக் குளிராது. இது ஒரு பள்ளிக்கூடமும் போகாத நம் தாய்மார்களுக்கெல்லாம் தெரிந்த விஷயமாகும்.

28 வாரத்திற்கு முன் பிறந்த பிள்ளை ஒரு மண்பானைதான். மாதம் நிறைந்து பிறக்கும் பிள்ளைக்குத் தோலின் மேல் ஒரு கெட்டியான படலம் இருக்கிறது. அதுதான் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாமலும் காக்கிறது. 23, 24 வாரத்தில் பிறந்ததற்கு அந்தப் படலம் அநேகமாய் இல்லை என்றே சொல்ல வேண்டும். தோல் சிவந்து, பளபளவென்று, உள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் தெரியும்படி இருக்கும். ஸ்வீடன் தேசத்தில் உப்சலா என்னும் ஊரில் ஹம்மர்லுண்ட், செடின் என்னும் இரண்டு டாக்டர்கள் 1979-ம் வருஷத்தில், தோலிலிருந்து கசியும் நீரை அளக்கும் கருவியைக் கொண்டு அளந்து பார்த்தார்கள். பிறந்த முதல் நாளில் 25 வாரப் பிள்ளையின் தோலிலிருந்து போகும் தண்ணீர், மாதம் நிறைந்த பிள்ளைக்குப் போவதைப் போல் சுமார் 15 மடங்கு என்று தெரிய வந்தது. வறண்ட காற்றில் கிடத்தினால் அப்பிள்ளை ஒரு நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீராகவே இழந்துவிடக் கூடும். 60 கிலோ எடையுள்ள ஒரு ஆள் ஒரே நாளில் 6 லிட்டர் தண்ணீரைத் தோல் வழியாக இழந்தால் அவன் கதி என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர் போவதோடு நின்றால் சரி. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி சூடு பிடிக்கும். 600 கிராம் பிள்ளையிலிருந்து 60 கிராம் தண்ணீர் போனால் ஏறக்குறைய 35,000 கலோரி சூடு கூடவே போய்விடுகிறது. முதல் நாட்களில் அச்சிறு உடல் தானாக உண்டாக்கிக் கொள்ளும் சூடு அவ்வளவு இருப்பதில்லை. ஆகவே வரவுக்கு மேல் செலவாகிப் பிள்ளை குளிர்ந்து போகிறது. தண்ணீர் குறையக் குறைய இரத்தத்தில் உப்பு ஏறுகிறது. நம்மவர்கள் "விதி முடிந்தது" என்கிறார்கள்.

இதில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. காற்றைச் சூடாக்கினால் அது தானாகவே வறண்டு போகும். அதாவது, 25 டிகிரிச் சூட்டில் 100-க்கு 60 பங்கு ஈரமுள்ள காற்றை, வேறொன்றும் செய்யாமல், 36 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்று 100-க்கு 32 பங்கு ஈரமுள்ளதாகிவிடும். தண்ணீர் குறைந்துவிடவில்லை. சூடான காற்றுக்குத் தாகம் அதிகமாகி விடுகிறது. ஆகவே பிள்ளைக்குச் சூடு வேண்டும் என்று பெட்டியைச் சூடாக்கினவர்கள், தங்களை அறியாமலே அதன் தண்ணீரை உறிஞ்சும் வேலையையும் கூடவே செய்தவர்களாகிறார்கள். "எங்கள் ஊர் கடற்கரை ஊர், எப்போதும் புழுக்கம், எங்களுக்கு ஈரம் எதற்கு?" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி, பெட்டியின் கதையைச் சற்றுப் பார்ப்போம். பாரிஸ் நகரத்தில் ஸ்டெஃபான் டார்னியே என்னும் பிரசவ டாக்டர், அந்நகரத்து மிருகக் காட்சிச் சாலையில் கோழிக் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, இதே மாதிரி மனிதக் குஞ்சுக்கும் ஒன்று செய்தால் என்ன என்று கேட்டார். அந்தக் கோழிப் பெட்டியைச் செய்த ஒடில் மார்ட்டன் என்பவரே பிள்ளைப் பெட்டியையும் செய்து கொடுத்தார். 1880, 81-ம் வருஷங்களில் அது பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்தது. அடியில் வெந்நீர்த் தொட்டி, மேலே பிள்ளைகள், அவ்வளவுதான். 2 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளில் முன்பு 100-க்கு 66 செத்துக் கொண்டிருந்தது, 100-க்கு 38 ஆகக் குறைந்தது என்று அவருடைய உதவி டாக்டர் 1883-ல் கணக்கு வெளியிட்டார். கோழிக் குஞ்சையும் மனிதக் குஞ்சையும் ஒரே பெட்டியில் வைத்து நினைக்க முடிந்த ஒருவனால்தான் இது முடிந்தது. "ஆறறிவு படைத்த மனிதப் பிறவியைக் கோழியோடு ஒப்பிடுவதா?" என்று ஆத்திரப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்னும் 66 ஆகவே செத்துக் கொண்டிருக்கும்.

(அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் இப்படிப்பட்ட பெட்டிகளில் பிள்ளைகளை வைத்து, கோனி தீவு என்னும் பொழுதுபோக்கு இடத்தில் 1903 முதல் 1943 வரை காட்சி நடத்தினார். பார்க்க வருபவர்களிடம் 25 சென்டு டிக்கெட்டு வாங்கிக் கொண்டு, பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல் வளர்த்துக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிகள் அநேகம் கை கட்டி நின்றபோது, வேடிக்கைக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் ஒரு காட்சிக்காரர் இந்த வேலையைச் செய்தார் என்பது டாக்டர் உலகத்துக்குப் பெருமை தரும் செய்தியல்ல.)

சூடு வேண்டும் என்பது தெரிந்தாய்விட்டது. ஈரம் எவ்வளவு வேண்டும்? இங்கேதான் படித்தவர்களின் புரோகிதம் ஆரம்பமாகிறது. 1933-ல் பாஸ்டன் நகரத்தில் பிளாக்ஃபன் என்னும் டாக்டரும் யாக்லோ என்னும் காற்றுச் சாஸ்திர நிபுணரும், காற்றின் சூட்டையும் ஈரத்தையும் ஒழுங்குபடுத்திய ஒரு அறையில் குறைமாதப் பிள்ளைகளை வைத்துப் பார்த்து, 100-க்கு 65 பங்கு ஈரமே நல்லது என்று எழுதினார்கள். அவர்கள் புரட்டுக்காரர்களல்ல, உழைத்தவர்கள்தான். ஆனால் தாங்கள் புதிய அறையில் வைத்த பிள்ளைகளை, அதற்கு முந்திய வருஷங்களில் பழைய அறையில் இருந்த பிள்ளைகளோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இடையில் பால் மாறியிருக்கலாம், நர்சு மாறியிருக்கலாம், சுத்தம் அதிகமாகியிருக்கலாம். எதனால் பிழைத்தது என்று எப்படிச் சொல்லுவது? சாமிக்கு வேண்டிக் கொண்ட வருஷம் மழை பெய்தது, ஆகையால் சாமிதான் பெய்ய வைத்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். ஆனாலும் அந்த 65 என்பது பிறகு புஸ்தகத்துக்குப் புஸ்தகம் ஏறி வேதவாக்கியம் போலாகிவிட்டது.

அதற்குப் பின் வந்தவர்களுக்கு 65 போதவில்லை. மூச்சுத் திணறும் பிள்ளைக்கு நல்லதென்று பெட்டிக்குள் மார்கழி மாதத்து மூடுபனி போல் நீர்த்துளியைத் தெளிக்க ஆரம்பித்தார்கள். பிள்ளை இருக்கும் இடம் கூடத் தெரியாத மூட்டம்! ஏன் தெளிக்கிறீர்கள் என்று கேட்டால், "எல்லோரும் தெளிக்கிறார்கள், எங்கள் அனுபவத்திலும் நல்லதாய்த்தான் இருக்கிறது" என்பதே பதில். தீர்த்தம் தெளிக்கும் குருக்களைக் கேட்டாலும் இதே பதில்தானே வரும்?

நியூயார்க் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த வில்லியம் சில்வர்மன் என்னும் டாக்டர்தான் இதை ஒரு கை பார்த்தவர். அவர் செய்தது மிகவும் சாதாரணமான காரியம். வருகின்ற பிள்ளைகளைச் சீட்டுப் போட்டு இரண்டு பிரிவாக்கினார். எந்தப் பிள்ளை எதில் சேருவது என்பதை டாக்டரும் தீர்மானிப்பதில்லை, நர்சும் தீர்மானிப்பதில்லை, சீட்டே தீர்மானிக்கும். ஒரு பிரிவுக்கு நீர்த்துளி மூட்டம், மற்றொன்றுக்கு இல்லை. மற்றபடி எல்லாம் ஒரே மாதிரி. 1956-ல் முடிவு வெளியாயிற்று. மூட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு ஈரத்தை எடுத்துக் கொண்டார். ஒரு பிரிவுக்கு 100-க்கு 80 முதல் 90 பங்கு ஈரம், மற்றதற்கு 30 முதல் 60. 1957-ல் வெளிவந்த முடிவில், ஈரம் அதிகமுள்ள பெட்டியில் இருந்தவைகளே அதிகமாய்ப் பிழைத்தன. வேறொருவராய் இருந்தால் இதோடு கொடி நாட்டிவிட்டு, "ஈரமே உயிர்" என்று ஒரு மடம் ஸ்தாபித்திருப்பார். சில்வர்மன் அப்படிச் செய்யவில்லை. ஈரப் பெட்டியில் இருந்த பிள்ளைகளின் உடம்பு, மற்றவைகளின் உடம்பைவிடச் சற்றுச் சூடாக இருந்ததைக் கவனித்தார். அப்படியானால் பிழைக்க வைத்தது ஈரமா, சூடா?

அக்காலத்தில் பெரிய டாக்டர்கள் அநேகரின் அபிப்பிராயம் என்னவென்றால், குறைமாதப் பிள்ளையின் உடம்பு குளிர்ச்சியாய் இருப்பது அதன் சுபாவம், அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது. சில்வர்மன் மறுபடியும் சீட்டுப் போட்டார். ஒரு பெட்டி 28.9 டிகிரி, மற்றொன்று 31.7 டிகிரி. வித்தியாசம் 3 டிகிரி கூட முழுதாய் இல்லை. 1958-ல் வெளியான கணக்கில், சூடு அதிகமுள்ள பெட்டியில் 100-க்குச் சுமார் 15 பிள்ளைகள் அதிகமாய்ப் பிழைத்தன.

தோழர்களே, இதைச் சற்று நிறுத்தி யோசியுங்கள். அந்தப் பதினைந்து பிள்ளைகளின் தலையில் பிரம்மா என்ன எழுதியிருந்தான்? 28.9 டிகிரியில் ஒரு தலையெழுத்தும், 31.7 டிகிரியில் வேறொரு தலையெழுத்துமா எழுதி வைத்திருந்தான்? ஒரு திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் அழிந்து போகும் எழுத்தை என்ன மசியால் எழுதினான் என்று கேட்கிறோம். பூர்வ ஜென்மக் கடனை வசூல் செய்ய வந்த பிள்ளை, பெட்டி சூடாக இருக்கிறதென்று கடனைத் தள்ளிவிட்டுத் தங்கிவிட்டதா? இதற்குப் பதில் சொல்ல யோக்கியதை உள்ள பண்டிதர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

இந்தக் கேள்வி டாக்டர்களுக்கும் உண்டு. "குளிர்ச்சியே சுபாவம்" என்று சொல்லி வந்த வருஷங்களில் செத்தவைகளுக்கு யார் ஜவாப்தாரி? அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை ஒப்புக் கொள்ளுகிறோம். புரோகிதன் கூடக் கெட்ட எண்ணத்தோடு மந்திரம் சொல்லுவதில்லைதான்.

"குழந்தைகளின் உயிரைச் சீட்டுப் போட்டுப் பார்ப்பதா? இது பாவமல்லவா?" என்று சிலர் கண்ணீர் விடுகிறார்கள். அன்றும் விட்டார்கள். சீட்டுப் போடாத ஆஸ்பத்திரியில் மாத்திரம் என்ன நடந்தது? ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாப் பிள்ளைகளையும் குளிர்ச்சியில் வைத்தார்கள், அடுத்ததில் எல்லாவற்றையும் சூட்டில் வைத்தார்கள். பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது என்பதே அதற்கு விழுந்த சீட்டு. ஒரே வித்தியாசம் என்னவென்றால், அங்கே கணக்கு எழுதி வைக்க ஆளில்லை. இதே காலத்தில் அதே பெட்டிக்குள் பிராணவாயுவையும் "அதிகமாய்க் கொடுத்தால் நல்லதுதானே" என்று அளவில்லாமல் விட்டார்கள். அதனால் உலகமெங்கும் சுமார் 10,000 பிள்ளைகள் கண்ணிழந்தன. அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்ந்து 1953-ல் ஆரம்பித்துப் பரீட்சை செய்து பார்த்த பிறகே அந்த அநியாயம் நின்றது. கண்ணீர் விட்டவர்களால் நிற்கவில்லை.

நிற்க. ஈரத்தின் கதை இன்னும் முடியவில்லை. 1963-ல் சில்வர்மனும் கூட்டாளிகளும் இன்னொரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் தடவை இரண்டு பிரிவுப் பிள்ளைகளின் உடம்புச் சூட்டையும் ஒரே அளவாக வைத்துக் கொண்டு, ஈரத்தை மட்டும் மாற்றினார்கள். பிழைத்த எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. ஆகவே ஈரம் செய்த நன்மையெல்லாம் சூட்டைக் காத்ததன் மூலமாகவே என்று ஏற்பட்டது.

இவ்வளவு தூரம் அறிவின் வழியில் வந்த பிறகு, என்ன ஆயிற்று தெரியுமா? இந்த முடிவையே எடுத்து மந்திரமாக்கி விட்டார்கள்! "ஈரம் தேவையில்லை என்று பரீட்சையில் ருஜுவாகி விட்டது, தொட்டித் தண்ணீரில் கிருமி வேறு வளருகிறது, தண்ணீரைக் கொட்டிவிடு" என்று பல ஆஸ்பத்திரிகள் தொட்டியைக் காலி செய்துவிட்டன. பரீட்சை எந்தப் பிள்ளைகளைக் கொண்டு நடந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. சில்வர்மன் காலத்தில் 25 வாரத்துப் பிள்ளை பிழைப்பதே அபூர்வம். அவருடைய பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் தோல் ஓரளவு முற்றிய பிள்ளைகளே. பின்னால் சுவாச யந்திரங்கள் வந்து, 700 கிராம் பிள்ளையும் மூச்சு விட்டுப் பிழைக்க ஆரம்பித்தபோது, பெரிய பிள்ளைக்குச் சொன்ன விதியை அந்த மண்பானைப் பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள்.

"ஈரம் இல்லாவிட்டால் சூட்டைக் கூட்டிக் கொண்டால் போகிறது" என்பார்கள். எவ்வளவு கூட்டுவது? வறண்ட காற்றில் அவ்வளவு சின்னப் பிள்ளையைச் சூடாக வைக்க, பெட்டிக் காற்றை 38, 39 டிகிரிக்குக் கொண்டு போக வேண்டியிருக்கும். கூட்டக் கூட்டக் காற்றின் தாகமும் கூடும். சூட்டை ஒருவாறு ஈடு செய்தாலும், போன தண்ணீரும் ஏறின உப்பும் அப்படியேதான் இருக்கும். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊரில் ஹார்ப்பின், ரட்டர் என்னும் டாக்டர்கள் 30 வாரத்துக்கு முன் பிறந்தவைகளைப் பார்த்து, ஈரமான பெட்டியில் இருந்தவைகள் குளிர்ந்து போவது குறைவு என்று 1985-ல் எழுதின பிறகுதான், காலி செய்த தொட்டிகளில் மறுபடியும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். பரீட்சையின் முடிவு என்பது பரீட்சை செய்த பொருளுக்கு மட்டுமே சொந்தம். அதற்கு அப்பால் கொண்டு போனால் அதுவும் ஒரு புராணமாகிவிடும்.

சரி, ஈரம் நல்லதென்றால் நாளெல்லாம் மாதமெல்லாம் வைத்திருக்கலாமே என்றால், அதுவும் தவறு. உப்சலாவிலேயே 2006-ல் இன்னொரு பரீட்சை வெளியாயிற்று. 23 முதல் 27 வாரத்தில் பிறந்த 22 பிள்ளைகளை, ஒரு வாரம் ஆனபிறகு, சிலவற்றை 100-க்கு 75 பங்கு ஈரத்திலும், சிலவற்றை 50 பங்கு ஈரத்திலும் வைத்து, 28-ம் நாள் அளந்து பார்த்தார்கள். ஈரம் குறைவான இடத்தில் இருந்தவைகளின் தோலே அதிகமாய் முற்றியிருந்தது. அதிக ஈரத்தில் இருந்தவைகளின் தோல் இன்னும் கசிந்து கொண்டிருந்தது. காற்று கொஞ்சம் வறண்டால்தான் தோலுக்கு "நாம் முற்றிக் கொள்ள வேண்டும்" என்ற அவசியம் ஏற்படுகிறது போலும். ஆகவேதான் இன்று பல ஆஸ்பத்திரிகளில் முதல் வாரத்தில் 80 அல்லது அதற்கு மேல் வைத்து, பிறகு படிப்படியாகக் குறைத்துக் கொண்டு வருகிறார்கள்.

தண்ணீரின் சங்கதியும் இருக்கிறது. பழைய பெட்டிகளில் வெதுவெதுப்பான தண்ணீர் திறந்த தொட்டியில் நிற்கும். சூடோமோனாஸ் என்னும் கிருமிக்கு அது மாமியார் வீடு. தோலில் காப்பு இல்லாத பிள்ளைக்கு அது யமன். இப்போதைய பெட்டிகள் கிருமி நீக்கிய வடிநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி அனுப்புகின்றன. கிருமி துளியில் ஏறிச் சவாரி செய்யும். சுத்தமான ஆவியில் ஏற முடியாது. ஆனால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, நாட்கணக்கில் மாற்றாமலும் கழுவாமலும் விட்டால் எவ்வளவு உயர்ந்த பெட்டியும் பழைய பெட்டியாகிவிடும். நம் நாட்டில் ஆயுத பூஜையன்று யந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைக்கும் வழக்கம் படித்தவர்கள் உள்ள இடங்களிலும் இருந்து வருகிறது. வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைப்பவர்கள், மற்ற 364 நாளும் தண்ணீரை மாற்றுகிறார்களா என்பதுதான் நமது கேள்வி. யந்திரம் தெய்வமல்ல, பூஜைக்குத் திருப்தியடைய. அதற்கு வேண்டியது வடிநீரும், சோப்பும், கணக்கு எழுதும் ஒரு ஆளுமேயாகும்.

இது ஆஸ்பத்திரி விஷயம், வீட்டில் உள்ளவர்களுக்கு இதில் என்ன வேலை என்று இருந்துவிட வேண்டாம். பிள்ளை பெட்டிக்குப் போய்ச் சேரும் முன்பே பாதிச் சூடு போய்விடுவதுண்டு. பிறந்தவுடன் "தீட்டு" என்று சொல்லிப் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் இருந்து வருகின்றது. ஈரத் தோலின் மேல் காற்றுப் பட்டால் என்ன ஆகும் என்பதை மேலே மண்பானையில் சொன்னோம். குறைமாதப் பிள்ளைக்கு இது சூட்டைப் பிடுங்கி வெளியே எறிவது போலாகும். முதல் 24 மணி நேரமாவது குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லுகிறது. மிகச் சின்னப் பிள்ளையாய் இருந்தால், பிரசவ அறையிலேயே, துடைப்பதற்கும் நிற்காமல், முகத்தை மட்டும் வெளியே விட்டுக் கழுத்து வரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் விட்டுவிடுகிறார்கள். தன் ஈரம் தன்னிடமே நிற்கிறது, சூடும் நிற்கிறது. சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு பை இதைச் செய்கிறது. இந்தச் சூட்டைக் காக்கிற தாயத்து எதையும் நாம் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். இவ்வளவு பரீட்சைக்குப் பிறகும், முதல் வாரத்தில் ஈரம் 70 போதுமா, 80 வேண்டுமா, 90 வேண்டுமா, எத்தனை நாளில் எவ்வளவு குறைப்பது என்பதில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு வேறு வழக்கமே இருந்து வருகின்றது. காரணம் கேட்டால், அநேக இடங்களில் "எங்கள் அனுபவம்" என்ற பழைய பாட்டே கிடைக்கும். 70-ம் 90-ம் இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சரியாய் இருக்க முடியாது. ஏதோ ஒரு இடத்தில் பிள்ளைகள் நஷ்டமடைந்து கொண்டிருக்க வேண்டும். எந்த இடம் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து கொள்ளும் வழி மாத்திரம் 1956 முதல் எல்லோருக்கும் தெரியும்.

ஆதலால் பெட்டியில் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர்கள், கூச்சப்படாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். பெட்டிக்குள் ஈரம் இப்போது எவ்வளவு, பிள்ளையின் உடம்புச் சூடு எவ்வளவு, என்றைக்குக் குறைக்கப் போகிறீர்கள், தண்ணீரை எப்போது மாற்றினீர்கள், அதற்கு எழுத்தில் கணக்கு உண்டா? நல்ல டாக்டர் இதற்குச் சந்தோஷப்பட்டுப் பதில் சொல்லுவார். "உனக்கு என்ன தெரியும்?" என்று சீறுபவரிடம், தெரியாததனால்தான் கேட்கிறோம் என்று சொல்லி மறுபடியும் கேட்க வேண்டும். சர்க்கார் பெட்டி வாங்கியதைப் பத்திரிகைகளில் படம் போட்டுக் காட்டினால் போதாது. ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியும் எத்தனை வாரத்துப் பிள்ளை எத்தனை வந்தது, எவ்வளவு ஈரத்தில் வைத்தோம், எத்தனை பிழைத்தது என்பதை வருஷா வருஷம் அச்சிட்டு வெளியிட வேண்டும். ஈரத்தின் அளவில் வழக்கம் வேறுபடும் ஆஸ்பத்திரிகள் பத்து ஒன்று சேர்ந்து, பெற்றோர்களின் சம்மதத்தோடு, சீட்டுப் போட்டுப் பார்த்து முடிவைச் சொல்ல வேண்டும்.